வளர்ப்புப் பராமரிப்புக்குப் போகும் முன் எங்களிடம் யாரும் சொல்லாதவை

"தத்தா, வளர்ப்பா? எதுக்கு வந்திருக்கீங்கன்னு முதல்ல முடிவு பண்ணிட்டு வாங்க." மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். பதில் தெரியாமல் நானும் வீட்டுக்காரரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றோம். அது 2023 பிப்ரவரி. அந்தக் கேள்வி முழுசாக விளங்கி முடிந்தபோது இரண்டரை வருஷம் ஓடியிருந்தது. கையிலிருந்து 41,000 ரூபாய் போயிருந்தது. எங்கள் வீட்டில் 19 மாதம் இருந்த பிள்ளை தன் அம்மாவிடம் திரும்பிப் போயிருந்தாள். அவள் போனது சரிதான். சட்டப்படியும் சரி, அவளுக்கும் சரி. ஆனால் இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று ஒரு ஆள் முன்னாடியே உட்கார வைத்துச் சொல்லியிருந்தால், அழுகையும் அலைச்சலும் பாதியாகக் குறைந்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். எங்கள் கதை எனக்கு முக்கியமில்லை. எந்த இடத்தில் எது தடுக்கும், ஏன் தடுக்கும் என்பதைச் சொல்ல எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் எங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

நம்ம டெல்டா பக்கம் அடுத்தவர் பிள்ளையை வளர்ப்பது புதுசில்லை. அக்கா செத்துப்போனால் தங்கை வளர்ப்பாள், திருப்பூருக்கு வேலைக்குப் போனவன் பிள்ளையைப் பாட்டி வளர்ப்பாள். எதற்கும் காகிதம் கிடையாது. நமக்குத் தெரிந்த இன்னொரு வழி தத்து. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 44 அதை வளர்ப்புப் பராமரிப்பு என்கிறது. பெற்றவர்களால் இப்போதைக்குப் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளையை, மாவட்டக் குழந்தைகள் நலக் குழு தன் உத்தரவால் வேறொரு குடும்பத்தில் வைக்கிறது. தத்து எடுத்தால் பிள்ளை முழுக்க நம்முடையது. இனிஷியல், சொத்துரிமை எல்லாம் வந்துவிடும். 2022 செப்டம்பர் முதல் அதற்கான உத்தரவை ஆட்சியரே போடுகிறார். வளர்ப்புப் பராமரிப்பில் பிள்ளையின் பேரும் மாறாது, பெற்றவர்களும் மாற மாட்டார்கள். நம் சொத்தில் தானாக எந்தப் பங்கும் வராது, கொடுக்க நினைத்தால் உயில் எழுத வேண்டும். குழு எப்போது கேட்டாலும் பிள்ளையைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். இந்தக் கடைசி வரியை வீட்டில் எல்லாரும் நாலு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டு விண்ணப்பம் போடுங்கள். நாங்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள்.

இதிலேயே வகைகள் உண்டு. எந்த வகைக்குப் போகிறோம் என்று தெரியாமல் போவதால்தான் பாதிப்பேர் மனம் நொந்து திரும்புகிறார்கள். குறுகிய கால வளர்ப்பு ஒரு வருஷத்துக்கு மேல் போகாது. அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பாள், அப்பா சிறையில் இருப்பார், வீட்டில் பெரிய சண்டை நடந்து ஆறப்போட வேண்டியிருக்கும். இந்த மாதிரிப் பிள்ளைகள் அதில் வருவார்கள். நீண்ட கால வளர்ப்பு ஒரு வருஷத்தைத் தாண்டியது. பிள்ளையும் குடும்பமும் ஒத்துப்போவதைப் பார்த்துப் பார்த்துக் குழு காலத்தை நீட்டிக்கொண்டே வரும். 18 வயது வரைக்கும்கூடப் போகலாம். குழு முறை வளர்ப்பு என்று ஒன்று உண்டு. குழந்தைகள் இல்லம் மாதிரி இல்லாமல் வீடு மாதிரி ஒரே கூரையின் கீழ் பல பிள்ளைகளை வளர்ப்பது. வளர்ப்பவர்களின் சொந்தப் பிள்ளைகளையும் சேர்த்து ஒரு வீட்டுக்கு 8 பேருக்கு மேல் கூடாது. தத்தெடுக்கப் பதிவு செய்தவர்கள், இறுதி உத்தரவு வருவதற்கு முன்பே பிள்ளையை வீட்டுக்கு அழைத்துவந்து வைத்துக்கொள்வார்கள். பேச்சுவழக்கில் அதையும் 'வளர்ப்பு' என்று சொல்லிவிடுகிறார்கள், ஆனால் அது தத்துப் பாதையில் ஒரு படி. நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தத்துக்கு ஏற்றது என்று குழு கருதும் எந்தப் பிள்ளையையும் நீண்ட கால வளர்ப்புக்குக் கொடுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. தொட்டிலில் போட்டு ஆட்டக் கைக்குழந்தை வேண்டும் என்ற ஆசையோடு இந்த வழிக்கு வராதீர்கள். இங்கே வருவது ஆறு வயதைத் தாண்டிய, எல்லாம் நினைவிருக்கிற பிள்ளைகள். 2024-இல் வந்த புதிய மத்திய வழிகாட்டு நெறிமுறைகள் அதைத் தெளிவாகவே வைத்திருக்கின்றன. தனியாக இருப்பவர்களும் வளர்க்கலாம் என்று கதவைத் திறந்ததும் அதே நெறிமுறைகள்தான். திருமணம் ஆகாதவர், துணையை இழந்தவர், விவாகரத்தானவர் யாரானாலும் 35 முதல் 60 வயதுக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். தனிப் பெண் ஆண்பிள்ளை, பெண்பிள்ளை இருவரையும் வளர்க்கலாம், தனி ஆண் ஆண்பிள்ளையை மட்டும். தம்பதி என்றால் இரண்டு பேர் வயதையும் கூட்டினால் 70-க்குக் குறையக் கூடாது, மணவாழ்க்கை இரண்டு வருஷமாவது நிலையாக இருந்திருக்க வேண்டும். ஒரு பிள்ளை இரண்டு வருஷம் உங்களிடம் வளர்ந்து, அது சட்டப்படி தத்துக்கும் தகுதியாகிவிட்டால் நீங்களே தத்தெடுக்கக் கேட்கலாம். முன்பு ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் "வளர்ப்புன்னு போயி தத்தா மாத்திக்கலாம்" என்று கணக்குப் போட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. பெற்றவள் உயிரோடு இருந்து, வந்து பார்த்துக்கொண்டும் இருந்தால் அந்தக் கணக்கு நிறைவேறாது. நிறைவேறவும் கூடாது.

பாட்டி, சித்தி, மாமா என்று சொந்தத்தில் வளர்க்கிறவர்கள் இந்த வகையில் வர மாட்டார்கள். பிள்ளையின் சொந்தக் குடும்பம் அல்லாத குடும்பம் என்றுதான் சட்டம் சொல்கிறது. அவர்கள் கேட்க வேண்டியது நிதி ஆதரவுத் திட்டம். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000-க்கும் மற்ற இடங்களில் 96,000-க்கும் மேல் போகக் கூடாது. தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் தருகிறார்கள். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரும் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் அது. பேரப்பிள்ளையை வைத்துக்கொண்டு நூறு நாள் வேலைக்குப் போகும் பாட்டிகள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். தெரிந்தவர்கள் அவர்களைக் கையோடு கூட்டிப்போய் மனு கொடுக்க வையுங்கள்.

இப்போது நாங்கள் பணம் தொலைத்த இடம். அலுவலகத்துக்குப் போவதற்கு முன்னால் நாலு மாதம் ஒரு அறக்கட்டளை ஆளிடம் மாட்டியிருந்தோம். பதிவுக் கட்டணம், விசாரணைக் கட்டணம், மேலிடத்துக்கு என்று மூன்று தவணையில் 12,000 ரூபாய் வாங்கினார். ரசீது கேட்டால் "நல்ல காரியத்துக்கு ரசீதா" என்பார். ஒருநாள், ஆஸ்பத்திரியில் ஒரு பெண் பிள்ளையைக் கொடுத்துவிடத் தயாராக இருக்கிறாள், ஒரு தொகை ஏற்பாடு செய்யுங்கள் என்றார். அன்றைக்குத்தான் எங்களுக்கு வயிறு கலங்கியது. வளர்ப்புப் பராமரிப்புக்கு எந்த நிலையிலும் கட்டணம் கிடையாது. பணம் என்ற பேச்சு வந்த நிமிஷமே வந்த வழியே திரும்புங்கள். பிள்ளையைப் பணத்துக்கு வாங்குவதும் விற்பதும் அதே சட்டத்தின் 81-ஆம் பிரிவில் ஐந்து வருஷம் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் உள்ள குற்றம். முறையை மீறித் தத்துக் கொடுத்தால், எடுத்தால் 80-ஆம் பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை. வாங்கியவர்களும் குற்றவாளிதான், ஆசைப்பட்டோம் என்பது சாக்காகாது. தனியாக விடப்பட்ட பிள்ளையைப் பார்த்தால் வீட்டுக்குக் கூட்டிவந்து "நாமளே வச்சுக்கலாம்" என்று நினைப்பதும் தப்பு. சுனாமி, கஜா என்று எத்தனையோ பார்த்த ஊர், நமக்கு இரக்கம் சட்டென்று வரும். ஆனால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ, காவல் நிலையத்துக்கோ, குழுவுக்கோ சொல்லியாக வேண்டும். சொல்லாமல் வைத்திருப்பதே தண்டனைக்குரியது.

சரியான வாசல் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு. அங்கே "பாதுகாப்பு அலுவலர், நிறுவனம் சாராப் பராமரிப்பு" என்று ஒருவர் இருப்பார். நம் கோப்பு அவர் மேசையில்தான் நகரும். அவர் பதவியின் இந்த முழுப்பெயர் தெரியாமல் நாங்கள் இரண்டு நாள் மேசை மேசையாக விசாரித்தோம். மயிலாடுதுறைக்காரர்களுக்கு ஒன்று: 2020 டிசம்பருக்கு முன் அது நாகப்பட்டினத்தில் இருந்ததால் பழைய முகவரியைச் சொல்லி அனுப்பி விடுவார்கள், கேட்டுக்கொண்டு போங்கள். இப்போது தத்துக்கான கேரிங்ஸ் இணையதளத்திலேயே வளர்ப்புப் பெற்றோர் பதிவும் இருக்கிறது. பதிவு செய்துவிட்டோம் என்று வீட்டில் உட்கார்ந்துவிடாமல் பதிவு எண்ணை எழுதிக்கொண்டு நேரில் ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வாருங்கள். முகம் தெரிந்தால் கோப்பு நகரும் என்பதற்காக இல்லை. நம்மை அவர்கள் எடைபோட ஆரம்பிப்பது அந்தப் பேச்சில்தான்.

காகிதங்களில் ஆதார், திருமணச் சான்று, முகவரி, புகைப்படம் எல்லாம் சுலபம். எங்களைச் சுற்றவிட்டவை மூன்று. முதலாவது வருமானச் சான்று. இங்கே பாதிப்பேர் வாய்மொழிக் குத்தகையில் பயிர் செய்கிறவர்கள். நிலம் நம் பேரில் இருக்காது, வருமானத்தைக் காட்ட வழியில்லை என்று நினைத்துவிடுகிறோம். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட ரசீது, அந்தப் பணம் ஏறிய வங்கிப் புத்தகம், தையல் மெஷின் கடன் கட்டிய ரசீது எல்லாமே பேசும். இ-சேவையில் 60 ரூபாய்க்கு விண்ணப்பித்துவிட்டு வி.ஏ.ஓ.வை நேரில் பாருங்கள். தை, மாசியில் மட்டும் போகாதீர்கள். சம்பா அறுவடையில் சிட்டா, அடங்கலுக்கு ஊரே அவர் வாசலில் நிற்கும். நாங்கள் அந்த நேரத்தில் போய் ஐந்து வாரம் இழந்தோம். இரண்டாவது மருத்துவச் சான்று. வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் எடுக்க வேண்டும், மாமியாருக்கும் சேர்த்து. எச்.ஐ.வி., காசநோய், ஹெபடைடிஸ் பி மூன்றும் அதில் கட்டாயம். அவசரப்பட்டுத் தனியாரில் 5,500 ரூபாய் கொடுத்து எடுத்தோம். அரசு மருத்துவர் கையெழுத்து வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மறுபடியும் அரசு மருத்துவமனையில் செலவில்லாமல் எல்லாம் முடிந்தது. அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனால் எதற்கு இந்தப் பரிசோதனை என்று ஒவ்வொரு ஜன்னலிலும் விளக்க வேண்டியதில்லை. மூன்றாவது காவல்துறைச் சரிபார்ப்பு. வீட்டுக்காரர் பேரில் பழைய வாய்க்கால் தகராறு ஒன்று புகார் அளவில் இருந்தது. அதை நாங்களாகவே முன்னால் சொல்லிவிட்டோம். மறைத்திருந்தால் பின்னால் வந்து நின்றிருக்கும்.

அடுத்தது வீட்டாய்வு. எங்களிடம் இரண்டு தடவை வந்தார்கள், இரண்டாவது தடவை சொல்லாமல். வெள்ளையடித்துப் பலகாரம் வைத்துக் காத்திருந்தோம், அவர்கள் அதையெல்லாம் பார்க்கவே இல்லை. நேரே கொல்லைக்குப் போனார்கள். கிணற்றுக்கு மூடி இருக்கிறதா, கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, வாய்க்காலுக்கும் வாசலுக்கும் எவ்வளவு தூரம், பிள்ளை எங்கே படுக்கும் என்று கேட்டார்கள். பரணுக்குக் கீழே நெல்லுக்கு அடிக்கிற மருந்து பாட்டில்கள் இரண்டு இருந்தன. ஒன்று பாதி காலி. வந்த சமூகப் பணியாளர் அதைக் கையில் எடுத்து என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அப்படியே உடம்பு கூசிப்போனது. நம் வீட்டுப் பிள்ளைக்கு அது தெரியும், தொட மாட்டான். மனசு உடைந்து வருகிற பிள்ளைக்கு அது என்ன என்று நமக்குத் தெரியுமா? கிணற்று மூடி, கழிப்பறைக் கதவு, மருந்துக்கு வெளியே பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி எல்லாம் சேர்த்து 14,500 ஆனது. அந்தச் செலவில் எனக்கு வருத்தமே இல்லை, எப்போதோ செய்திருக்க வேண்டியது. மிச்சம் 9,000, பதினேழு தடவை மாவட்டத் தலைநகருக்குப் போய்வந்த பஸ் செலவும் நகல் செலவும். இழந்த கூலி நாட்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

எங்கள் பையனுக்கு அப்போது 13 வயது. அவனைத் தனியாக உட்கார வைத்து அரைமணி நேரம் பேசினார்கள். உங்கள் சொந்தப் பிள்ளை மனசார ஒத்துக்கொள்ளாவிட்டால் விண்ணப்பத்தை நிறுத்துங்கள். ஆறு மாதம் கழித்துக்கூட மறுபடி போடலாம். மாமியாரும் அப்படித்தான். பகலெல்லாம் பிள்ளையோடு இருக்கப்போவது அவர்தான் என்பதை நாங்கள் யோசிக்காமல் விட்டோம்.

பிள்ளையைக் காட்டுவது பெண் பார்க்கிற மாதிரி இருக்காது. இந்தக் குடும்பத்துக்கு இந்தப் பிள்ளை ஒத்துவருமா என்று அவர்கள் பொருத்தம் பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுவார்கள். பிள்ளை இருக்கும் இல்லத்தில் ஆற்றுப்படுத்துநர் (கவுன்சிலர்) முன்னிலையில் மூன்று நாலு சந்திப்பு நடக்கும், பிள்ளையின் விருப்பத்தையும் கேட்பார்கள். அண்ணன் தம்பி, அக்கா தங்கை இருந்தால் பிரிக்காமல் சேர்த்து வைக்கவே பார்ப்பார்கள், அதற்கும் மனசைத் தயார்செய்துகொண்டு போங்கள். அந்தச் சந்திப்புகளில் பொம்மை, கொலுசு என்று கொண்டுபோகாதீர்கள். மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: என்ன சாப்பிடும், என்ன மாத்திரை, இரவில் பயப்படுமா, இதற்கு முன்னால் வேறு குடும்பத்தில் இருந்து திரும்பி வந்ததா, பெற்றவர்கள் வந்து பார்க்கிறார்களா. கடைசிக் கேள்வியை நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. பிறகு குழு முன்னால் போகவேண்டும். ஒரு தலைவரும் நாலு உறுப்பினர்களும் இருப்பார்கள், மாதம் 20 நாளாவது கூட வேண்டும் என்பது விதி. உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு உத்தரவு கொடுப்பார்கள். அந்த உத்தரவை ஐந்து நகல் எடுத்து ஒன்றை எப்போதும் பையிலேயே வைத்திருங்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ்ஸில் சந்தேகப்பட்டுக் கேட்கிற போலீஸ்காரர் என்று எங்கே போனாலும் அதுதான் நமக்குச் சாட்சி. 2024 ஜனவரியில் எங்களுக்குக் கிடைத்தது. விண்ணப்பம் போட்டு 11 மாதம்.

முதல் மூன்று வாரம் பிள்ளை தேவதை மாதிரி இருந்தாள். சொன்ன பேச்சைக் கேட்டாள், எதுவும் கேட்கவில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலில் நிற்பாள், இல்லத்தில் வரிசையில் நின்ற பழக்கம். நாங்கள் பூரித்துப்போனோம். அந்த அடக்கம் பயம் என்று எங்களுக்குத் தெரியவில்லை. நாலாவது வாரம் பயம் தெளிந்ததும் எல்லாம் வந்தது. படுக்கை நனைந்தது, பையனின் நோட்டு கிழிந்தது, "நீங்க யாரு என்னைக் கேக்க" என்று வாசலில் நின்று கத்தினாள். இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் பிள்ளையைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிடுகின்றன. விடாதீர்கள். இந்த வீடு தாங்குமா என்று பிள்ளை சோதிக்கிற காலம் அது. கெட்டுப்போனது என்று நினைத்தால் தப்பு. அடிக்கவே கூடாது, பட்டினி போடுவதும் கூடாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அடியைப் பார்த்து வந்த பிள்ளைக்கு நம் அடி பழைய வீட்டைத்தான் ஞாபகப்படுத்தும்.

ஒருநாள் தலையணை உறைக்குள் நாலு இட்லி. துணியில் சுற்றி, எறும்பு மொய்த்து, ஓரம் காய்ந்து கல் மாதிரி. திருடினாள் என்று மாமியார் சத்தம் போட்டார். நான் ஆற்றுப்படுத்துநருக்கு போன் செய்தேன். சோறு நாளைக்கும் இருக்கும் என்று நம்பாத பிள்ளை அப்படித்தான் சேர்த்துவைக்கும் என்றார். அவர் சொன்னபடி ஒரு எவர்சில்வர் டப்பா வாங்கி, பொட்டுக்கடலை, முறுக்கு, வெல்லம் போட்டு அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தோம். "இது உன் டப்பா, யாரும் தொட மாட்டாங்க, குறைஞ்சா அத்தை நிரப்புவேன்." முதலில் தினமும் காலியானது. கேள்வி கேட்காமல் நிரப்பினோம். மூன்று மாதத்தில் வாரம் ஒருமுறை நிரப்பினால் போதும் என்றானது. படுக்கைக்கு ஒரு ரெக்சின் விரிப்பும் மாற்றுத் துணியும் அவள் எடுக்கும் இடத்தில் வைத்தால் போதும். நனைந்ததைப் பற்றி மறுநாள் யாரும் பேசக்கூடாது. அம்மா என்று கூப்பிடச் சொல்லாதீர்கள், அவளுக்கு அம்மா இருக்கிறாள். எங்களை அத்தை, மாமா என்றாள். கொண்டுவந்த பழைய பாவாடையைத் துவைக்கக்கூட விடமாட்டாள். அதில் அம்மா வாசனை இருந்திருக்கும். அதை விட்டுவிடுங்கள். வெளியூர்ப் பிள்ளையானால் ஜூன் 12 மேட்டூர் திறந்து இங்கே வாய்க்காலில் தண்ணி வருவதற்குள் எந்தப் படித்துறையில் இறங்கலாம், எந்த மதகுப் பக்கம் போகவே கூடாது என்று கைப்பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். வாயால் சொன்னால் பதியாது.

பள்ளிக்கூடத்தில் டி.சி. மட்டும் போதாது. பழைய பள்ளியில், கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எமிஸ் எண்ணைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதுப் பள்ளியில் சேர்க்க முடியும். பழைய பள்ளிக்கு அதைச் சொல்ல ஆளில்லாமல் எங்களுக்குப் பதினைந்து நாள் போனது. தலைமை ஆசிரியரிடமும் வகுப்பு ஆசிரியையிடமும் மட்டும் நிலைமையைச் சொல்லுங்கள். தந்தை பெயர் இருக்கும் இடத்தில் அவள் அப்பா பெயர்தான் எழுத வேண்டும், நம் பெயர் பாதுகாவலர் இடத்தில். சாதிச் சான்றும் பெற்றவர்களை வைத்துத்தான். ஊரில் "என்ன ஆளுங்க பிள்ளை?" என்று கேட்பார்கள். கேட்காத வீடே இருக்காது. ஒரே பதிலை வீட்டில் எல்லாரும் சொல்லப் பழகுங்கள்: "எங்க வீட்டுல இருக்கிற பிள்ளை." நாங்கள் அலுவலகத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. செய்ததில் சரியாகச் செய்த ஒன்று அது. இவள் இன்ன பிள்ளை, எங்களிடம் வளர்கிறாள் என்று போட்டோவோடு ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். பராமரிப்பில் உள்ள பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது பிரிவு 74-இல் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம் உள்ள குற்றம். சொந்தக்காரர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

அரசு தருவது மாதம் 4,000. மாதா மாதம் தேதிக்கு வரும் என்று நம்பிச் செலவு போடாதீர்கள். எங்களுக்கு முதல் தொகை வந்தது ஏழாவது மாதம், மொத்தமாக. அந்த ஏழு மாதத்தைச் சொந்தக் கையால் தாங்க முடியுமா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். சாப்பாடு, துணி, மருத்துவம், படிப்பு என்று நோட்டுப் போட்டு எழுதி ரசீது ஒட்டுங்கள். மாதம் ஒரு ஆய்வு உண்டு, அந்த நோட்டு இருந்தால் ஆய்வு பத்து நிமிஷத்தில் முடியும். அறுவைச் சிகிச்சை, ஊர் மாற்றம், நீண்ட பயணம் எதுவானாலும் முன்பே அலகில் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். உயிர்போகிற அவசரமென்றால் முதலில் ஆஸ்பத்திரி, உடனே போன்.

அவள் அம்மா மனநலச் சிகிச்சையில் இருந்தார். ஐந்தாவது மாதத்திலிருந்து மாதம் ஒருமுறை வந்து பார்க்கக் குழு அனுமதித்தது. சட்டமே அதற்கு இடம் வைத்திருக்கிறது. ஒவ்வொரு சந்திப்புக்கும் பிறகு இரண்டு நாள் பிள்ளை சாப்பிடாது, என்னிடம் எரிந்து விழும். அதைப் பார்த்து, சந்திப்பை நிறுத்தச் சொல்லி மனு எழுதலாம் என்று நான் நினைத்தேன். வெட்கத்தோடுதான் இதைச் சொல்கிறேன். சந்திப்பால் பிள்ளைக்குக் கெடுதல் வரவில்லை. எங்களை நேசிப்பது அம்மாவுக்குச் செய்யும் துரோகமோ என்று அவள் தவித்தாள். "உங்க அம்மா நல்லாயிட்டு வர்றாங்க, எனக்கும் சந்தோஷம்" என்று நான் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் அந்த இரண்டு நாள் அரை நாளானது. சந்திப்புக்கு முந்தின நாள் தலை பின்னி, அம்மாவுக்குக் கொடுக்க அவளையே ஒரு படம் வரையச் சொல்லுங்கள். வந்தபின் கேள்வி கேட்காதீர்கள், அவளுக்குப் பிடித்ததைச் சமைத்து வையுங்கள்.

2025 ஜூலையில், அம்மா குணமாகி மாமன் வீட்டில் நிலையாக இருக்கிறார், பிள்ளையை அனுப்பலாம் என்று குழு முடிவு செய்தது. வளர்ப்புப் பராமரிப்பு பற்றிய குழுவின் உத்தரவை எதிர்த்து 30 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அந்த வீட்டிலோ உறவிலோ பிள்ளைக்கு ஆபத்து என்று உண்மையாகவே தெரிந்தால் கட்டாயம் செய்யுங்கள். நாங்கள் மனுவை டைப் அடித்து வைத்திருந்தோம். அதில் ஆபத்து என்று எழுத எங்களிடம் ஒன்றும் இல்லை. எங்களால் முடியாது என்பது மட்டும்தான் இருந்தது. கொடுக்கவில்லை. அதற்குப் பதில், அந்த அம்மாவுக்கு நிதி ஆதரவு கேட்டு விண்ணப்பம் எழுத வீட்டுக்காரர் உதவினார். கணவரை இழந்த தாயின் பிள்ளைக்கு அது கிடைக்கும். ஒரே நாளில் அனுப்ப வேண்டாம், இரண்டு வார இறுதி அங்கே தங்கிவிட்டு வரட்டும் என்று கேட்டோம், ஒத்துக்கொண்டார்கள். நீங்களும் கேளுங்கள். நமக்கும் அது தேவைப்படும். என் பையன் பத்து நாள் அவள் படுத்த பக்கம் போகவில்லை. ஆற்றுப்படுத்துநர் அவனோடும் இரண்டு முறை பேசினார், நாங்கள் கேட்டதால்.

பை கட்டுவதை முந்தின இரவுக்கு வைக்காதீர்கள். ஒரு வாரம் முன்னால் அவளோடு உட்கார்ந்து கட்டுங்கள். ஆதார், தடுப்பூசி அட்டை, டி.சி., மதிப்பெண் அட்டை, மருந்துச் சீட்டு எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில். 19 மாதப் போட்டோக்களை அச்சுப் போட்டு ஒரு ஆல்பம், அந்தக் காலம் அவள் வாழ்க்கையில் வெற்றிடமாக இருக்கக் கூடாது. துணிகளைக் கோணியிலோ கட்டைப்பையிலோ போடாமல் நல்ல பையில் வையுங்கள், வந்தபோது அவள் கோணியில்தான் கொண்டுவந்தாள். டப்பாவை நிரப்பி மேலே வைத்தேன். அம்மாவுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: இரவு விளக்கு வேண்டும், கணக்கில் பெருக்கல் தடுமாறுகிறது, காய்ச்சல் வந்தால் முதலில் காதைப் பாருங்கள், கத்தரிக்காய் சாப்பிட்டால் உடம்பு அரிக்கும். தலை பின்னும்போது இடது பக்கம் இழுத்தால் வலிக்கும் என்பதை எழுத விட்டுவிட்டேன். மறுநாள் போன் செய்து சொன்னேன்.